சாமி, சிங்கம் படவரிசைகளும் இயக்குநர் தேர்வும்

சாமி, சிங்கம் ஆகியவை இயக்குநர் ஹரி எழுதி இயக்கிய இரு காவல்துறைப் படவரிசைகள். சாமி (2003), சிங்கம் (2010), சிங்கம் 2 (2013), சி3 (2017), சாமி ஸ்கொயர் (2018) என 15 ஆண்டுகளில் ஐந்து படங்கள் வெளிவந்தன. முதல் வரிசையில் விக்ரமும் இரண்டாவதில் சூர்யாவும் நாயகர்கள். முதலாவது திருநெல்வேலி நகரில் நிகழ்கிறது. இரண்டாவது தூத்துக்குடி மாவட்டத்தின் நல்லூர் என்ற சிற்றூரில் தொடங்கி சென்னை, தென்னாப்பிரிக்கா, விசாகப்பட்டினம், ஆஸ்திரேலியா என்று விரிகிறது.

ஒரு நாயகனைப் பல படங்களுக்குக் கொண்டுசெல்லும்போது இயக்குநரை மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி ஜேம்ஸ் பாண்ட் போன்ற உளவுப்பட வரிசைகளைப் பற்றிய பேச்சில் எப்போதும் எழுவது. தமிழில் அது பெரும்பாலும் எழுவதில்லை. கதையை எழுதியவரே இயக்குநர், அவரே தொடர்வார் என்பது எழுதப்படாத விதி. ஹரியின் இரு வரிசைகளும் அந்த விதியின் வலிமையையும் அது எந்த இடத்தில் முறிகிறது என்பதையும் காட்டுபவை. அவற்றின் நாயகன் காவலர் என்றாலும் நடுவில் அவன் ஒற்றனாகவே மாறுகிறான் என்பதால் இந்த ஒப்பீடு வெறும் உவமையும் அல்ல.

தேர்ந்தெடுப்பவர் யார்?

ஈயான் நிறுவனம் 1962 முதல் 2021 வரை 25 பாண்ட் படங்களைத் தயாரித்தது. அவற்றை இயக்கியவர்கள் 12 பேர். டெரன்ஸ் யங், கை ஹாமில்டன், லூயிஸ் கில்பர்ட் ஆகியோர் மாறி மாறி வந்தனர். ஜான் கிளென் 1981 முதல் 1989 வரை தொடர்ச்சியாக ஐந்து படங்களை எடுத்தார். (அவற்றில் ஒன்றுதான் உதய்ப்பூரில் படமாக்கப்பட்டு, சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்த ஆக்டோபஸி.) இயக்குநர்கள் மாறியபோதும் தயாரிப்பாளர் குடும்பம் மாறவில்லை. ஆல்பர்ட் புரோக்கலிக்குப் பின் அவருடைய மகளும் வளர்ப்பு மகனும் பொறுப்பேற்றனர். நாயகன் எப்படிப்பட்டவன், அவனுக்கு இப்போது என்ன தேவை என்று யோசிக்க ஒரு நிலையான அமைப்பு இருந்தது. வரிசை களைத்தபோது அந்த அமைப்பு வெளியிலிருந்து ஒருவரை அழைத்தது. 1989-க்குப் பின் ஆறாண்டு இடைவெளி விழுந்தபோது மார்ட்டின் கேம்ப்பெல் வந்து கோல்டன்ஐ எடுத்தார். 2002-ல் கண்ணுக்குத் தெரியாத கார் வரை போய்விட்ட பாண்டை 2006-ல் கேசினோ ராயலில் அடிவாங்கி ரத்தம் சிந்தும் மனிதனாகக் கீழே இறக்கியவரும் அவரே. அந்த அமைப்பும் நிரந்தரமாக இல்லை. 2025-ல் படைப்பு உரிமை அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த படத்துக்கு டெனி வில்னவ் அறிவிக்கப்பட்டார்.

தமிழில் அப்படி ஓர் அமைப்பு உருவாகவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1960-களில் ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்கள் அதற்குப் பக்கத்தில் வந்தன. ஆர். சுந்தரம் இயக்கிய வல்லவன் ஒருவன் (1966) அவற்றில் முக்கியமானது. ஆனால் அங்கும் தொடர்ந்தது நடிகரும் சாயலும்தான், ஒரே பாத்திரம் அல்ல. சாமியைத் தயாரித்தது கே. பாலசந்தரின் கவிதாலயா, அதன் தொடர்ச்சியைத் தயாரித்தது வேறொரு நிறுவனம். சிங்கத்தின் முதல் படமும் மூன்றாம் படமும் ஸ்டுடியோ கிரீன் தயாரிப்புகள், நடுப்படம் பிரின்ஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு. ஆகவே ஆறுச்சாமிக்கும் துரைசிங்கத்துக்கும் உரிமையாளர் என்று சொல்லத்தக்கவர் ஹரி ஒருவரே. இயக்குநரை மாற்றலாமா என்று கேட்கும் இடத்தில் யாரும் அமர்ந்திருக்கவில்லை.

சாமி

ஹரி தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்கு அருகிலுள்ள கச்சனாவிளையில் பிறந்தவர். தாமிரபரணி கடலை நெருங்கும் பகுதிக்குத் தெற்கே, பனைகளும் தேரி மணலும் நிறைந்த நாடு அது. அவருடைய படங்களில் அய்யா, தாமிரபரணி முதலியவையும் இந்தப் பகுதியையே களமாகக் கொண்டவை. ஒரு படத்துக்கு ஆற்றின் பெயரையே வைத்தார். நெல்லைத் தமிழை நகைச்சுவைத் துணைப்பாத்திரத்துக்கு ஒதுக்காமல் நாயகனுக்கும் வில்லனுக்கும் பொதுமொழியாக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

சாமியின் முதற்பாதி இன்றும் அவருடைய சிறந்த எழுத்து எனலாம். திருநெல்வேலிக்கு மாற்றலாகி வரும் துணை ஆணையர் ஆறுச்சாமி, ஊரைத் தன் கைக்குள் வைத்திருக்கும் பெருமாள் பிச்சையுடன் மோதுவதில்லை. உடன்பாடு செய்துகொள்கிறார். உன் தொழிலை நீ நடத்து, சாதாரண ஜனங்களைத் தொந்தரவு செய்யாதே, எனக்குரியதைக் கொடு என்பதே அதன் சாரம். இட்லியில் பீர் ஊற்றிச் சாப்பிடும் காட்சி அந்தப் படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. நாயகன் யார் பக்கம் என்பதை அந்தக் காட்சி சொல்ல மறுக்கிறது. நேர்மையானவன் லஞ்சக்காரன் வேடத்தில் இருக்கிறானா, லஞ்சக்காரனுக்கு எஞ்சிய நேர்மை கொஞ்சம் இருக்கிறதா என்ற ஐயம் இடைவேளை நெருங்கும்வரை நீடிக்கிறது. ஒற்றன் கதையின் அடிப்படை இன்பம் இதுவே.

இந்த ஐயத்தைத் தாங்க ஊரைத் தெரிந்த இயக்குநர் வேண்டும். கோட்டா சீனிவாச ராவின் பெருமாள் பிச்சை துப்பாக்கியோடு அலையும் வில்லன் அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்து ஊரை நடத்தும் பெரிய மனிதர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவரைப் பார்க்க ஆள் வரும். அத்தகைய ஒருவருக்கு ஒரு துணை ஆணையர் எவ்வளவு இடம் கொடுப்பார், எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்ற கணக்கைப் படம் நம்பத்தகுந்த வகையில் போடுகிறது. முடிவும் துணிச்சலானது. பெருமாள் பிச்சை சட்டத்தின் முன் நிறுத்தப்படுவதில்லை. ரகசியமாகக் கொல்லப்படுகிறார், ஊர் அவர் தலைமறைவாகிவிட்டதாக நம்புகிறது. நாயகன் ஒரு கொலையை மறைத்தவனாகவே படத்தைவிட்டு வெளியேறுகிறான். அந்தக் கொலையைக் கைதட்டலோடு காட்டுவதில் படத்துக்குத் தயக்கம் ஏதுமில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வர வேண்டியிருக்கிறது.

சிங்கம்

சிங்கத்தின் மூலக்கரு மிக எளிமையானது, அதனாலேயே பலமானது. சென்னையின் பெரும் பணப்பறிப்புக்காரன் மயில்வாகனத்துக்கு நிபந்தனை ஜாமீன் கிடைக்கிறது. நல்லூர் காவல் நிலையத்தில் வந்து கையெழுத்திட வேண்டும். அவன் தன் பதிலாள் ஒருவனை அனுப்புகிறான். உதவி ஆய்வாளர் துரைசிங்கம் நேரில் வரச் சொல்கிறார். இவ்வளவுதான். ஒரு பதிவேடு, ஒரு பேனா, ஒரு நாற்காலி ஆகியவற்றை வைத்துக்கொண்டு சென்னையின் செல்வாக்குக்கும் சிற்றூரின் ரோஷத்துக்கும் இடையிலான போட்டியை ஹரி கட்டிவிடுகிறார். நிபந்தனை ஜாமீன் என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்த சொல். அதில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது என்று கண்டது அவருடைய திறமை.

துரைசிங்கத்துக்குக் காவலராகும் கனவு இருந்ததில்லை. குடும்பத்தின் மளிகைக்கடையைப் பார்த்துக்கொள்ளவே அவனுக்கு ஆசை, தந்தை சொன்னதால் சீருடை அணிந்தவன். பதவி உயர்வோடு சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் அவன் தடுமாறுகிறான். மேலதிகாரி வில்லனின் கையாளாக இருக்கிறார். ஊரில் அவனுக்குப் பின்னால் நின்ற மனிதர்கள் இங்கே இல்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்கும் நாயகனைத் தமிழ் மசாலாப் படம் அதிகம் கண்டதில்லை. அந்தச் சில காட்சிகளில்தான் துரைசிங்கம் ஒரு வரிசையைத் தாங்கும் பாத்திரமாகிறான். அவனுடைய வலிமை அவன் கையில் இல்லை, அவன் நிற்கும் மண்ணில் இருக்கிறது என்பதைப் படம் அறிந்திருக்கிறது.

பிரியனின் ஒளிப்பதிவும் வி.டி. விஜயனின் படத்தொகுப்பும் ஹரியின் வேகத்துக்கு உடம்பு கொடுத்தவை. ஆட்டோ, சுமோ, நெடுஞ்சாலை, வசனம் எல்லாம் ஒரே மூச்சில் ஓடுகின்றன. முதல் படத்தில் இந்த வேகம் கதையிலிருந்து பிறக்கிறது. பின்னால் அது பழக்கமாகிறது.

காவலர் ஒற்றனாகும்போது

சிங்கத்தின் முடிவில் துரைசிங்கம் வேலையை விட்டுவிட்டதாக ஊருக்கு அறிவிக்கிறான். உண்மையில் உள்துறை அமைச்சரின் ஏற்பாட்டில் தூத்துக்குடியில் கடத்தலை ரகசியமாகக் கண்காணிக்கப் போகிறான். சிங்கம் 2 அவனை ஒரு பள்ளியின் என்.சி.சி. ஆசிரியராகக் காட்டித் தொடங்குகிறது. இங்கே காவல்துறைப் படவரிசை வெளிப்படையாகவே உளவுப்படத்தின் எல்லைக்குள் நுழைகிறது.

இது நல்ல யோசனை. தூத்துக்குடி துறைமுக நகரம். உப்பளமும் தோணியும் கப்பலும் மீன்பிடிப் படகும் ஒரே கரையில் இருக்கும் ஊர். எந்தச் சரக்கு எதற்குள் வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் குறைவு. பள்ளி ஆசிரியர் வேடமும் பொருத்தமானது. சிறுநகரத்தில் எல்லோருக்கும் தெரிந்தும் யாராலும் கவனிக்கப்படாதவர் ஆசிரியரே.

ஆனால் ஹரிக்கு மறைந்திருப்பவனை எடுக்கத் தெரியவில்லை. சரியாகச் சொன்னால், பொறுமை இல்லை. உளவுக்கதையில் நாயகன் பேசாமல் இருக்கும் நேரமே பதற்றத்தைத் தருகிறது. ஹரியின் நாயகன் பேசாமல் இருக்க முடியாதவன். என்.சி.சி. ஆசிரியராக இருக்கும்போதே அவன் சிங்கமாகத்தான் நடக்கிறான், நிற்கிறான், முறைக்கிறான். அவன் யார் என்று ஊரில் யாரும் சந்தேகிக்காதது வியப்பளிக்கிறது. நகரில் கலவரம் மூண்டதும் அவன் சீருடையோடு பொறுப்பேற்கும் கட்டத்தில் அரங்கில் எழும் ஆரவாரம் உண்மையானது. அதோடு ஒற்றன் கதை முடிந்துபோகிறது என்பதும் உண்மை. ஆறுச்சாமியின் வேடத்தை அவ்வளவு நிதானமாகக் கையாண்ட அதே கை பத்தாண்டுக்குப் பின் அந்த நிதானத்தை இழந்திருந்தது. இடையில் வெற்றிகள் சேர்ந்துவிட்டன, ரசிகர்கள் எந்த இடத்தில் கத்துவார்கள் என்பது தெரிந்துவிட்டது.

அதற்குப் பின் வரிசை கடல் கடக்கிறது. சிங்கம் 2-ன் சர்வதேசப் போதைப்பொருள் வியாபாரி டேனியைத் தேடித் துரைசிங்கம் தென்னாப்பிரிக்கா போகிறான். சி3-ல் ஆந்திர அரசின் அழைப்பில் விசாகப்பட்டினத்துக்கு, ஒரு காவல் ஆணையரின் கொலையை விசாரிக்கச் செல்கிறான். வில்லன் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு நச்சுக்கழிவை இந்தியாவில் கொட்டுபவன். வெளிநாட்டுக் குப்பை இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்குவது மெய்யான பிரச்சினைதான். படம் அதைத் தொட்டுவிட்டு ஓடுகிறது. முதல் படத்தில் ஒரு கையெழுத்துக்குக் கொடுத்த நேரத்தைக்கூட ஒரு கப்பல் குப்பைக்குக் கொடுக்கவில்லை. சிட்னியில் துரைசிங்கத்துக்கு ஊர் இல்லை, கடை இல்லை, உறவு இல்லை. அவன் அங்கே எடையில்லாதவன். ஒன்றரை டன் என்று முன்பு சொல்லிக்கொண்டது அந்த மண்ணோடு சேர்த்து நிறுத்த எடை என்பது அப்போது தெரிகிறது.

பாண்ட் எந்த ஊரிலும் பாண்டாக இருக்க முடியும். அவன் வேரற்றவனாகவே எழுதப்பட்டவன். ஆகவே எந்த இயக்குநரும் அவனை எந்த விமான நிலையத்திலும் இறக்கலாம். துரைசிங்கம் அதற்கு நேர்மாறாக உருவாக்கப்பட்டவன். அவனுக்கு ஹரி சரியான இயக்குநராக இருந்ததற்குக் காரணம் ஹரிக்கு நல்லூர் தெரியும் என்பதுதான். களத்தை மாற்றி இயக்குநரை மாற்றாமல் விட்டது, பாண்ட் வரிசை செய்ததைத் தலைகீழாகச் செய்தது. டர்பனிலும் சிட்னியிலும் ஹரிக்குத் தெரிந்தது என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வேறு கைகளில்

ஹரியின் கதைகளை வேறு இயக்குநர்கள் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மறுஆக்கங்கள் இருக்கின்றன. சாமி, தெலுங்கில் பாலகிருஷ்ணாவின் லட்சுமி நரசிம்மாவாகவும் (2004), இந்தியில் கே.எஸ். ரவிக்குமார் இயக்கத்தில் சஞ்சய் தத்தின் போலீஸ்கிரியாகவும் (2013) ஆனது. ஊர் மாறியதும் உடன்பாட்டின் நுட்பம் போய், வழக்கமான சண்டைப்படம் மிஞ்சியது. போலீஸ்கிரி அதற்கு நல்ல உதாரணம்.

சிங்கத்தின் இந்தி வடிவம் வேறு வகை. ரோஹித் ஷெட்டி 2011-ல் எடுத்த சிங்கம் கதையை மகாராஷ்டிர-கோவா எல்லைச் சிற்றூருக்கு மாற்றியது. துரைசிங்கம் பாஜிராவ் சிங்கம் ஆனான். பிரகாஷ் ராஜ் இரண்டிலும் வில்லன். ஆனால் ஷெட்டி முடிவை மாற்றினார். தமிழில் வில்லனைத் துரத்திப் பிடிப்பது பெருமளவு நாயகனின் வேலை. இந்தியில் மேலதிகாரிகள் உட்பட காவல்படை முழுதும் மனம் மாறி வில்லனின் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறது, எல்லோரும் சேர்ந்து கொலையைத் தற்கொலையாக்குகிறார்கள். தனிமனிதனின் கோபம் ஒரு துறையின் கோபமாக மாற்றப்பட்டது. அறநோக்கில் இது ஹரியின் முடிவைவிட ஆபத்தானது. படவரிசை என்ற நோக்கில் கெட்டிக்காரத்தனமானது. துறை நாயகனாகிவிட்டால் எத்தனை அதிகாரிகளை வேண்டுமானாலும் உள்ளே கொண்டுவரலாம். சிம்பா (2018), சூர்யவன்ஷி (2021) என்று ஷெட்டி அதையே செய்தார். சிங்கம் 2, சி3 ஆகியவற்றின் கதைகளை அவர் தொடவில்லை. ஆளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தமிழில் இத்தகைய கைமாற்றத்துக்குத் தெளிவான வெற்றி உதாரணம் ஒன்றே உண்டு. சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதி, ராஜசேகர் இயக்கி, கமல்ஹாசன் தயாரித்து நடித்த விக்ரம் (1986) ஏவுகணையைத் தேடிச் செல்லும் உளவாளியின் கதை. 36 ஆண்டுகளுக்குப் பின் கமல்ஹாசன் அந்தப் பெயரை லோகேஷ் கனகராஜிடம் கொடுத்தார். லோகேஷ் ஏவுகணையையும் சலாமியா ராஜ்யத்தையும் விட்டுவிட்டு, தன் கைதி (2019) படத்தின் போதைப்பொருள் உலகுக்குள் வயதான விக்ரமைக் கொண்டுவந்தார். 2022-ன் விக்ரம் பழைய படத்தைவிடப் பெரிய வெற்றி. அங்கே தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒருவர் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. நடிகரே தயாரிப்பாளர், தன் பழைய படத்தைப் புதிய தலைமுறையின் இயக்குநர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்கத் தயாராக இருந்தார்.

சாமி ஸ்கொயர்

15 ஆண்டுகளுக்குப் பின் ஹரி திருநெல்வேலிக்குத் திரும்பினார். இலங்கையிலிருந்து பெருமாள் பிச்சையின் மகன்கள் தந்தையைத் தேடி வருகிறார்கள் என்ற தொடக்கம் முதல் படத்தின் மறைத்த கொலையை நேராகப் பற்றிக்கொள்கிறது. மறைத்தது வெளிப்பட வேண்டும் என்பது பழைய கதைவிதி. நாயகன் செய்ததற்கு நாயகன் பதில் சொல்ல வேண்டிய கட்டம் அது.

படம் அந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிடுகிறது. ஆறுச்சாமியும் மனைவியும் கொல்லப்படுகிறார்கள். மகன் ராம்சாமி வளர்ந்து ஐ.பி.எஸ். அதிகாரியாகித் திருநெல்வேலிக்கு வருகிறான், பழிவாங்குகிறான். கொன்றவனின் குற்றம் கொல்லப்பட்டவனின் தியாகமாக மாறிவிடுகிறது. (முதல் படம் 2003-ல் நடந்ததென்றால் இந்த மகன் 2018-ல் பள்ளிப்பிள்ளையாகத்தான் இருக்க முடியும் என்பதைப் படம் கண்டுகொள்வதில்லை.) த்ரிஷா விலகியதால் புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். ஒளிப்பதிவாளர் பிரியன் 2017 நவம்பரில் மறைந்தார், எஞ்சிய படத்தை வேறொருவர் முடித்தார். இவற்றைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் குறை எழுத்தில் இருக்கிறது. பாபி சிம்ஹாவின் ராவண பிச்சை கண்ணை உருட்டுகிறார், கத்துகிறார். உட்கார்ந்த இடத்தில் ஊரை ஆண்ட தந்தையின் நிழல்கூட அவர்மீது விழவில்லை. ஹரி தன் ஊருக்குத் திரும்பினார், ஊர் அவருடைய படத்துக்குத் திரும்பவில்லை.

ஆற்றங்கரையின் நினைவு

சாமி ஸ்கொயர் வெளியானது 2018 செப்டம்பர் 21. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 28 அன்று மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் வெளியானது. அதுவும் திருநெல்வேலிக் கதை. ஒன்றில் நெல்லையின் நீதி காவல் அதிகாரியின் கையில் இருக்கிறது. மற்றதில் சட்டம் படிக்கப்போன ஒருவனுக்கு நீதி எந்த அலுவலகத்திலும் கிடைப்பதில்லை. பார்வையாளர்கள் இரண்டையும் ஒரே மாதத்தில் ஒரே நகரத்தின் திரையரங்குகளில் பார்த்தனர்.

இது தற்செயல்தான். ஆனால் ஹரியின் வரிசைகளில் எது இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்ற ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தனர். அதற்கு நான்காண்டுகள் கழித்து அதே ஊரில், அதே துறையின் அதிகாரி ஒருவன் மக்களின் காவலனாகத் திரையில் வந்தான். சாமிக்கு அந்த நினைவே இல்லை. மாரி செல்வராஜின் முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயர் தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள். ஒரே ஆற்றங்கரையிலிருந்து வந்த இரு இயக்குநர்களில் ஒருவர் ஆற்றின் பெயரில் குடும்பப்படம் எடுத்தார், மற்றவர் அந்தப் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து எழுதினார். சாமி ஸ்கொயர் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, 2018 மே 22 அன்று, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தனர். துரைசிங்கம் வேலை பார்த்த நகரம் அது.

ஹரியின் மண்ணறிவை மெச்சும் விமர்சனம் இந்த இடத்தில் நின்று தன்னையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் ஊரின் பேச்சை அறிந்தவர், உறவுமுறையை அறிந்தவர், ரோஷத்தை அறிந்தவர். காவல் நிலையத்துக்குள் போய்வந்த எளிய மனிதரின் அச்சம் மட்டும் அவருடைய படங்களுக்குத் தெரியாது. நல்லூர் காவல் நிலையத்தில் சாதாரண மனிதர் ஒருவர் கைகட்டி நடுங்கி நிற்பதில்லை. ஊர் முழுதும் துரைசிங்கத்தின் உறவினர்போலவே நடந்துகொள்கிறது. அதற்கொரு இனிமை உண்டு. அது பாதி ஊர்.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், தந்தையும் மகனுமான இரு வணிகர்கள் காவல்துறையினரால் தாக்கப்பட்டு இறந்தனர். ஹரி பிறந்த ஊருக்குப் பக்கத்து வட்டாரம். சில நாட்களில் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொல்லியிருந்தார். தமிழ்த் திரையின் வணிக இயக்குநர் ஒருவர் தன் மிகப் பெரிய வெற்றிகளைப் பற்றி இப்படிப் பொதுவெளியில் சொன்னது அரிது. அதை எள்ளியவர்களும் உண்டு, ஐந்து படங்களின் வசூலுக்குப் பின் வந்த ஒரு தாள் என்று. அந்த எள்ளல் அவ்வளவு நியாயமானதல்ல. சாத்தான்குளத்தில் தாக்கப்பட்டவர்கள் கடை வைத்திருந்தவர்கள். துரைசிங்கம் மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. தான் உருவாக்கிய நாயகனின் குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பமே காவல் நிலையத்தில் அழிந்தது என்பதை அந்தப் பாத்திரத்தை எழுதியவர் உணராமல் இருந்திருக்க முடியாது.

அந்த அறிக்கைக்குப் பின் துரைசிங்கத்தின் நான்காம் படத்துக்குச் சரியான இயக்குநர் யார் என்ற கேள்வி புதிய பொருள் பெறுகிறது. நாயகனை ஐயப்படத் தெரிந்தவரே அதை எடுக்க முடியும். கேசினோ ராயலுக்குக் கேம்ப்பெல் கொண்டுவந்தது அந்த ஐயத்தைத்தான், பாண்டின் கொலைகளுக்கு ஒரு கனம் வேண்டும் என்ற எண்ணத்தை. மாரி செல்வராஜ் அதை எடுப்பார் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. அவர் கர்ணனில் (2021) காவல்துறையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். துரைசிங்கத்தின் உள்ளிருந்து அதைப் பார்க்கக்கூடியவர் ஹரியே. ஜாமீன் கையெழுத்து வாங்கிய அதே நிலையத்தில், அதே நாற்காலியில், தன் சக காவலர்கள் செய்த ஒன்றை விசாரிக்கும் துரைசிங்கத்தை அவரால் எழுத முடியும். அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. வண்டிகள் பறக்க வேண்டியதில்லை. சாமியின் முதற்பாதியில் அவருக்கிருந்த நிதானம் போதும்.

ஹரி அந்தப் பக்கம் போகவில்லை. யானை (2022), ரத்னம் (2024) இரண்டிலும் நாயகன் காவலர் அல்ல. இந்தியில் ரோஹித் ஷெட்டியின் சிங்கம் அகெய்ன் 2024 நவம்பர் 1 அன்று வெளியானது. ராமாயணக் கதையமைப்பில் பாஜிராவ் சிங்கம் மனைவியை மீட்க இலங்கைக்குப் படையோடு போகிறான்.